பீகிள் வளர்க்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பீகிள் நாய் வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அதன் முகத்தைப் பார்த்து மயங்கி வருகிறார்கள். பெரிய பழுப்புக் கண்கள், தொங்கும் காதுகள், தூக்கிக் கொஞ்சும் அளவிலான உடல். வீட்டுக்கு வந்த பிறகு அவர்கள் குடித்தனம் நடத்துவதோ அதன் மூக்கோடு. கீழே உள்ள பதில்களில் மூக்குப் பேச்சு திரும்பத் திரும்ப வரும். பீகிளைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது.

பீகிள் எந்த வகை நாய்?

மோப்பம் பிடித்து வேட்டையாடும் நாய். வேட்டை நாய்களில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. கிரேஹவுண்ட் போன்றவை இரையைக் கண்ணால் கண்டு துரத்துபவை. மெலிந்த உடலும் நீண்ட கால்களுமாக ஓட்டத்துக்கென்றே அமைந்தவை. பீகிள், பாசெட் ஹவுண்ட், பிளட்ஹவுண்ட், ஃபாக்ஸ்ஹவுண்ட் ஆகியவை இரை போன தடத்தை முகர்ந்து பின்தொடர்பவை. இவற்றுக்கு வேகத்தைவிட விடாப்பிடிதான் முக்கியம்.

இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட இனம் இது. குதிரை இல்லாமல், வேட்டைக்காரர்கள் நடந்தும் ஓடியும் பின்னால் போகக்கூடிய நாயாக இருந்ததுதான் இதன் சிறப்பு. இன்று நாம் காணும் பீகிளின் வேர், 1830களில் எசெக்ஸ் பகுதியில் ஃபிலிப் ஹனிவுட் என்ற பாதிரியார் வைத்திருந்த நாய்க் கூட்டத்திலிருந்து தொடங்குகிறது. அமெரிக்கன் கென்னல் கிளப் 1885இல் இந்த இனத்தைப் பதிவு செய்தது.

தோள் உயரம் 33 முதல் 40 செ.மீ. வரை. அமெரிக்காவில் 13 அங்குலத்துக்கு உட்பட்டவை, 13 முதல் 15 அங்குலம் வரை உள்ளவை என்று இரண்டு பிரிவுகளாகப் பார்க்கிறார்கள். எடை பெரும்பாலும் 9 முதல் 14 கிலோ. ஆயுள் 12 முதல் 15 ஆண்டுகள்.

மோப்ப நாய் என்பதால் வீட்டில் என்ன வேறுபாடு தெரியும்?

எல்லாமே வேறுபடும். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டிய விஷயம் இது.

மனித மூக்கில் மணத்தை உணரும் ஏற்பிகள் சுமார் 50 லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பீகிளுக்கு அது 20 கோடிக்கும் மேல். எண்ணிக்கை ஒருபுறம் இருக்க, மூக்கின் அமைப்பே வேறு. உள்ளே இழுக்கும் காற்றில் ஒரு பகுதி நுரையீரலுக்குப் போகாமல், மணத்தை அறிவதற்கென்றே பின்புறம் உள்ள அறைக்குத் திரும்புகிறது. வெளிவிடும் காற்று நாசியின் பக்கவாட்டுப் பிளவு வழியாக வெளியேறுவதால், முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை. முகரும்போது ஒரு நொடிக்கு ஐந்து முறை வரை காற்றை இழுத்து விடுகிறது.

1950களில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு ஏக்கர் வயலில் ஒரே ஒரு எலியை விட்டுவிட்டு நாய்களைத் தேடவிட்டார்கள். பீகிள்கள் ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடித்தன. ஃபாக்ஸ் டெரியர்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. ஸ்காட்டிஷ் டெரியர்கள் கண்டுபிடிக்கவே இல்லை.

மூக்கின் கூர்மையைவிட முக்கியமானது, அந்த மூக்கை வைத்து முடிவெடுப்பது யார் என்பதுதான். ஆடு மேய்க்கும் நாய் ஒவ்வொரு அடிக்கும் மேய்ப்பரின் முகத்தைப் பார்க்கும். அவர் விசிலுக்குக் காத்திருக்கும். மோப்ப நாயின் வேலையில் நிலைமை தலைகீழ். முயல் எந்தப் பக்கம் போனது என்பது மனிதனுக்குத் தெரியாது, நாய்க்குத்தான் தெரியும். நாய் முன்னே போகும், மனிதன் பின்னே ஓடுவான். தடம் கிடைத்த பிறகு திரும்பிப் பார்த்து அனுமதி கேட்கிற நாயை அந்த வேட்டையில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. பல தலைமுறைகளாக அப்படித் தேர்ந்தெடுத்து உருவாக்கிய நாயைத்தான் நாம் இன்று சோபாவில் உட்கார வைத்துக்கொண்டு, “கூப்பிட்டால் ஏன் வருவதில்லை?” என்று கேட்கிறோம்.

அப்படியானால் பழக்கவே முடியாதா?

முடியும். பீகிள் மந்தமான நாய் என்பது தவறான கருத்து. நீங்கள் சொல்வது அதற்குப் புரியும். செய்வதால் தனக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் அதன் கேள்வி. நல்லவேளையாக, இந்த இனத்துக்குச் சாப்பாட்டின் மீது அளவில்லாத ஆசை. சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கிய தின்பண்டம் கையில் இருந்தால், உட்கார், படு, காத்திரு எல்லாம் சில நாட்களில் கற்றுக்கொள்ளும். ஒரு அமர்வு ஐந்து நிமிடம் போதும். வீட்டுக்குள் தொடங்கி, பிறகு வாசலில், அதன் பிறகு தெருவில் என்று படிப்படியாகப் போக வேண்டும். வீட்டுக்குள் நன்றாகக் கேட்கும் சொல் புல்வெளியில் காதிலேயே விழாதது போலத் தோன்றும். அங்கே ஆயிரம் வாசனைகள் உங்களோடு போட்டியிடுகின்றன, அவ்வளவுதான்.

அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். குறிப்பாக, ஓடிப்போய்விட்டுத் திரும்பி வந்த நாயை ஒருபோதும் தண்டிக்காதீர்கள். எவ்வளவு நேரம் தேடவிட்டாலும், எவ்வளவு கோபம் இருந்தாலும், வந்த அந்த நொடியில் அதற்குக் கிடைக்க வேண்டியது தின்பண்டமும் தடவலும்தான். திரும்பி வந்ததற்கு அடி கிடைத்தால் அடுத்த முறை திரும்ப மாட்டேன் என்று அது முடிவு செய்துவிடும்.

கழிப்பிடப் பழக்கம் மட்டும் சற்றுத் தாமதமாக வரலாம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒவ்வொரு முறையும் வெளியே கூட்டிப்போங்கள். உள்ளே போய்விட்ட இடத்தை நொதி கலந்த சுத்திகரிப்பானால் கழுவுங்கள். நமக்கு வாடை போய்விட்டது என்பதற்கு இந்த மூக்கின் முன் மதிப்பில்லை. வாடை எஞ்சியிருந்தால் அதே இடத்துக்குத்தான் திரும்பிப் போகும்.

லீஷை அவிழ்த்துவிட்டு ஓட விடலாமா?

சுற்றுவேலி இல்லாத இடத்தில் கூடாது. நன்றாகப் பழகிய பீகிளுக்கும் இதே பதில்தான். தடம் கிடைத்தால் தலை தரையில் இருக்கும். வரும் வண்டி அதன் கண்ணில் படாது.

அதற்காக அதைக் குட்டை லீஷிலேயே கட்டி இழுக்க வேண்டியதில்லை. 10 மீட்டர் நீளமுள்ள பயிற்சிக் கயிறு ஒன்று வாங்கி, காலரில் மாட்டாமல் ஹார்னஸின் (மார்பைச் சுற்றி அணிவிக்கும் பட்டையின்) முதுகுப் பக்க வளையத்தில் மாட்டுங்கள். வேகமாக ஓடி கயிறு முடிந்த இடத்தில் சட்டென்று நிற்கும்போது கழுத்தில் அடிபடாமல் இருக்க இதுவே வழி. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் உடையும்.

வேலியைப் பொறுத்தவரை, உயரத்தோடு அடிப்பகுதியையும் பாருங்கள். பீகிள் தோண்டும். மறுபக்கம் ஏதோ மணக்கிறது என்றால், பொறுமையாக, நாள் கணக்கில் ஒரே இடத்தில் தோண்டும்.

தொலைந்துபோனால்?

எந்த இடத்தில் தவறவிட்டீர்களோ அந்த இடத்தை விட்டு எல்லோரும் கிளம்பிவிடாதீர்கள். துரத்தப்படும் முயல் பெரும்பாலும் வட்டமடித்துத் தன் பகுதிக்கே திரும்பும். பின்னால் போகும் நாயும் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வாய்ப்பு உண்டு. தடம் அறுந்துவிட்டால் தன் மோப்பத்தை வைத்தே வந்த வழியிலேயே திரும்பி வரப் பார்க்கும். ஒருவர் அங்கேயே இருக்கட்டும். நீங்கள் உடுத்திய, துவைக்காத சட்டையை அங்கே விட்டு வையுங்கள். பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே துரத்தினால் அது விளையாட்டு என்று நினைத்து இன்னும் விலகும். குந்தி உட்கார்ந்து தின்பண்டப் பையைக் குலுக்குவது நல்ல பலன் தரும்.

ரொம்பக் குரைக்குமா? அடுக்குமாடி வீட்டில் வளர்க்கலாமா?

பீகிளுக்கு மூன்று குரல்கள். அழைப்புமணி அடித்தால் வருவது சாதாரணக் குரைப்பு. தனிமையில் வருவது ஊளை. மூன்றாவது, தடம் கிடைத்த உற்சாகத்தில் தொண்டையிலிருந்து நீளமாக எழும் முழக்கம். புதருக்குள் மறைந்துவிட்ட கூட்டம் எங்கே இருக்கிறது என்று வேட்டைக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதற்காகவே வளர்க்கப்பட்ட குரல் அது. தொலைவு கேட்க வேண்டும் என்றே உருவானது, கேட்கும்.

உடல் அளவைப் பார்த்தால் அடுக்குமாடிக்குப் பொருத்தமான நாய்தான். சிக்கல் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத்தான். சலிப்பும் தனிமையும் குறைந்தால் சத்தமும் பெருமளவு குறையும், முற்றிலும் நிற்காது. அக்கம்பக்கத்தினர் சின்னச் சத்தத்தையும் பொறுக்க மாட்டார்கள் என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், வேறு இனத்தைப் பாருங்கள். பீகிள்கள் புதிய வீடு தேடி வருவதற்குச் சத்தமும் ஒரு பெரிய காரணம். மின்னதிர்ச்சி காலரைப் பற்றி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பயந்து அடங்கிய நாய் வேறு வழியில் அந்தப் பயத்தை வெளிப்படுத்தும்.

எவ்வளவு நேரம் தனியாக விடலாம்?

கூட்டமாக வாழ்ந்து, கூட்டமாக வேட்டையாடி, கூட்டமாகப் படுத்துத் தூங்கிய இனம். வளர்ந்த நாய் நான்கு மணி நேரம் வரை தனியாக இருக்கப் பழகும்; அதையும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தொடங்கித்தான் பழக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் காலையில் போய் இரவில்தான் திரும்புவீர்கள் என்றால் இந்த நாய்க்கு அது துன்பம். இரண்டாவது நாய் துணையாக இருக்கலாம். ஆனால் பிரிவுத் துயரத்தில் தவிக்கும் நாய்க்கு அதுவே மருந்தாகிவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். அது ஏங்குவது பெரும்பாலும் உங்களுக்காக.

தினமும் எவ்வளவு நடை தேவை?

ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். தூரத்தைக் கணக்கிடாதீர்கள். அரை மணி நேரத்தில் ஒரே ஒரு புதர் வரிசையைத்தான் தாண்டினீர்கள் என்றாலும், அது முழுக்க முகர்ந்து பார்த்திருந்தால், வேகவேகமாக இழுத்துக்கொண்டு நடந்த நீண்ட நடையைவிட நிறைவாக வீடு திரும்பும். முகரும்போது நிற்கிறது என்று லீஷைச் சுண்டாதீர்கள். அந்த நடை அதற்காகத்தான்.

வெளியே போக முடியாத நாட்களில் மூக்குக்கு வேலை கொடுங்கள். தொடக்கத்துக்கு ஒரு விளையாட்டு: நாயை வேறு அறையில் வைத்துவிட்டு, அது பார்க்காதபோது கூடத்தில் ஐந்தாறு இடங்களில் அதன் உணவுத் துண்டுகளை ஒளித்து வையுங்கள். முதலில் கண்ணில் படும்படி, பிறகு நாற்காலிக் காலுக்குப் பின்னால், பிறகு துண்டுக்கு அடியில். “தேடு” என்று சொல்லிக் கதவைத் திறவுங்கள். காட்டிக்கொடுக்காதீர்கள், சற்றுத் தடுமாறட்டும்.

அது கைவந்ததும் அடுத்த படி. ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் புல்வெளியில் காலை அழுத்தி இழுத்து நடந்து, வளைந்து போய் ஒரு மரத்துக்குப் பின்னால் தின்பண்டத்தோடு ஒளிந்துகொள்ள வேண்டும். சில நிமிடம் கழித்து நீண்ட கயிற்றோடு நாயைத் தடத்தின் தொடக்கத்தில் விடுங்கள். தலை தாழ்ந்து, வால் உயர்ந்து, அதன் வெள்ளை நுனி அசைந்து அசைந்து முன்னேறும். அப்போதுதான் இந்த நாய் யார் என்று பலருக்குப் புரிகிறது. பீகிள் வைத்திருக்கும் எல்லோரும் ஒரு முறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

குழந்தைகளோடு பழகுமா? பூனை, முயல் இருந்தால்?

சிடுசிடுப்பு இல்லாத சுபாவம் இந்த இனத்தின் மிகப் பெரிய செல்வம். விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிகளை முகர்ந்து பழம், இறைச்சி போன்றவற்றைக் கண்டுபிடிக்க அமெரிக்க வேளாண்துறை பீகிள்களைத் தேர்ந்தெடுத்ததற்கு மூக்கு ஒரு காரணம். இத்தனை மனிதர்களுக்கு நடுவே யாரையும் பயமுறுத்தாத உருவமும் குணமும் இன்னொரு காரணம். 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் தொடங்கிய அந்தப் படை இன்றும் வேலையில் இருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் ஒரே ஒரு கண்டிப்பு: நாய் சாப்பிடும்போது அருகே போகக் கூடாது, அதன் வாயில் இருப்பதைப் பிடுங்கக் கூடாது. சாப்பாட்டை இவ்வளவு நேசிக்கும் நாய் அதைக் காக்கவும் செய்யும். குட்டியிலிருந்தே, ஒன்றை வாங்கும்போது அதைவிடச் சுவையான இன்னொன்றைக் கொடுத்துப் பழக்குங்கள்.

பூனையோடு சேர்ந்து வளர்ந்தால் ஒத்துப்போகும். வளர்ப்பு முயலோடு வேண்டாம்.

சாப்பாட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

அளவை. பீகிள்களை அதிகம் வாட்டுவது உடல் பருமன், அது முழுக்க முழுக்க நம் கையில் இருப்பது. போதும் என்று தானாக நிறுத்தும் பழக்கம் இதற்குக் கிடையாது. காலையில் ஒருவர் சாப்பாடு வைத்துவிட்டுப் போனால், இன்னும் ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது போல அடுத்தவர் முகத்தைப் பார்க்கும். வீட்டில் யார் எப்போது வைக்கிறார்கள் என்று எழுதி ஒட்டி வையுங்கள்.

கண்ணளவில் போடாமல் எடைபோட்டுப் போடுங்கள், இரண்டு வேளை. பயிற்சித் தின்பண்டங்கள் அன்றைய மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. விலாவைத் தடவினால் எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்று ஒடுங்கித் தெரிய வேண்டும். கூடுதல் எடை முதுகுத்தண்டையும் மூட்டுகளையும் பாதிக்கும்.

குப்பைத்தொட்டிக்குப் பூட்டு போடுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, மக்காடமியா கொட்டை, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கம் இவையெல்லாம் நாய்க்கு நஞ்சு. மற்ற நாய்கள் ஒரு கடி கடித்துப் பார்க்கும் இடத்தில் பீகிள் முழுப் பொட்டலத்தையும் விழுங்கிவிடும். தின்றது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். காலுறை விழுங்கிக் குடலில் அடைத்துக்கொள்வதும் உண்டு.

முடி கொட்டுமா?

கொட்டும், ஆண்டு முழுவதும். இரட்டை அடுக்கு முடி. வாரம் இரண்டு முறை ரப்பர் பிரஷ்ஷால் வாருங்கள். காதுகள்தான் கூடுதல் கவனம் கேட்பவை: தொங்கும் காதுக்குள் காற்று புகாது, ஈரம் தங்கும், தொற்று வரும். வாரம் ஒரு முறை மடலைத் தூக்கிப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். புளித்த வாடை, பழுப்புக் கசிவு, தலையைச் சிலுப்பிக்கொண்டே இருத்தல் தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்த இனத்துக்கு என்னென்ன நோய்கள் வரும்?

பொதுவாகத் திடமான நாய். ஆனாலும் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். காரணம் கண்டறிய முடியாத வலிப்பு பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில் தொடங்கும்; மாத்திரையால் பல நாய்கள் நன்றாகவே வாழ்கின்றன. நடுத்தர வயதில் தைராய்டு சுரப்பு குறைந்து, அதிகம் சாப்பிடாமலே உடல் பெருக்கலாம். முதுகெலும்பு வட்டு விலகல் உண்டு. இளம் நாய் காய்ச்சலோடு கழுத்தைத் திருப்ப முடியாமல் வலியில் குனிந்து நின்றால், மூளையுறை அழற்சியின் ஒரு வகையாக இருக்கலாம்; தாமதிக்கக் கூடாது, ஸ்டீராய்டு சிகிச்சைக்குப் பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். கண்ணின் உள்மூலையில் சிவப்பாக ஒரு உருண்டை வெளியே வந்தால் அது பிதுங்கிய கண்ணீர்ச் சுரப்பி. வெட்டி எறியாமல் உள்ளே பொருத்தித் தைக்கச் சொல்லுங்கள். அந்தச் சுரப்பி போனால் கண் வறண்டுவிடக்கூடும்.

மரபணு வழி வருபவற்றில் சிலவற்றுக்கு டி.என்.ஏ. பரிசோதனை உண்டு. தோலும் மூட்டுகளும் இறுகி, நாய் முன்கால் விரல் நுனியில் நடப்பது மஸ்லாடின்-லூக்கி நோய்க்குறி. ரத்தம் உறையத் தேவையான ஏழாம் காரணியின் குறைபாடு பெரும்பாலும் அறுவை சிகிச்சையின்போதுதான் வெளிப்படும். சிறுமூளைத் தேய்வு பிறந்து சில வாரங்களில் குட்டியைத் தள்ளாட வைக்கும். வைட்டமின் பி12ஐ உடல் ஏற்காத நோய்க்குக் காலம் முழுக்க அந்த வைட்டமின் தர வேண்டும். கண் அழுத்தம் மெல்ல உயர்ந்து பார்வையைப் பறிக்கும் கிளௌகோமாவும் இப்பட்டியலில் உண்டு. பெற்றோர் இருவரில் ஒருவராவது அந்த நோய்க்கான மரபணுவைச் சுமக்கவே இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தால், அந்த நோய் குட்டிக்கு வராது. சோதனை செய்யாமல் இனப்பெருக்கம் செய்வதற்கு எந்தச் சாக்கையும் நான் ஏற்க மாட்டேன்.

“பாக்கெட் பீகிள்” என்று விற்கிறார்களே?

முதலாம் எலிசபெத் காலத்தில் மிகச் சிறிய பீகிள்கள் இருந்தன. அந்த வம்சம் இன்று இல்லை. இப்போது அந்தப் பெயரில் விற்கப்படுபவை ஈற்றில் மிகச் சிறியவற்றை ஒன்றோடொன்று சேர்த்தவையாகவோ கலப்பினமாகவோதான் இருக்கும். கூடுதல் விலைக்குக் காரணம் ஏதுமில்லை.

குட்டி வாங்கப் போகும்போது என்ன பார்க்க வேண்டும்?

தாயை. தாயைக் காட்ட மறுக்கும் இடத்திலிருந்து திரும்பி வந்துவிடுங்கள். எட்டு வாரம் முடியாமல் குட்டியைப் பிரிக்கக் கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டி பார்ப்பதும் கேட்பதும்தான் அதற்கு ‘வழக்கமான உலகம்’ ஆகிறது. ஆகவே அது வீட்டுச் சத்தங்களுக்கு நடுவே வளர்ந்ததா என்று கேளுங்கள். நிறத்துக்காக மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மூவண்ணக் குட்டிகள் பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையுமாகப் பிறந்து, பழுப்பு பின்னால்தான் விரியும். எலுமிச்சை நிறத்தவை ஏறக்குறைய வெள்ளையாகவே பிறக்கும்.

ஆய்வகத்திலிருந்து மீண்ட பீகிளைத் தத்தெடுக்கலாமா?

தாராளமாக. எளிதில் கடிக்காத குணமும் சிறிய உடலும்தான் இந்த இனத்தை உலகெங்கும் மருந்து ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் நாயாக ஆக்கியது. நினைக்கவே வேதனையாக இருக்கிறது. 2022இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஆய்வகங்களுக்காக நாய் வளர்த்த ஒரு நிலையத்திலிருந்து சுமார் 4,000 பீகிள்கள் மீட்கப்பட்டு வீடுகளுக்குப் போயின.

இப்படி வரும் நாய்க்குப் படிக்கட்டு தெரியாது, புல் தெரியாது, தொலைக்காட்சிச் சத்தம் தெரியாது. கதவருகே உறைந்து நிற்கலாம். புதியவற்றுக்குள் வலுக்கட்டாயமாகத் தள்ளிப் பழக்காதீர்கள். ஒரு அறை, மெத்தென்ற படுக்கை, மாறாத நேரங்கள். முதல் சில வாரங்களுக்கு அவ்வளவு போதும். வீட்டில் ஏற்கனவே அமைதியான நாய் ஒன்று இருந்தால் அதைப் பார்த்தே வேகமாகக் கற்றுக்கொள்ளும். முதன்முறை வெளியே வரும்போது கழன்றுவிடாதபடி காலர், ஹார்னஸ் இரண்டிலும் தனித்தனிக் கயிறு போடுங்கள்.

முதல்முறை நாய் வளர்ப்பவருக்கு ஏற்றதா?

நேரம் இருந்தால், ஆம். சொன்னதும் கேட்கும் நாய்தான் வேண்டும் என்றால் இல்லை.

வீட்டுக்கு வரும் முன் என்ன தயாராக இருக்க வேண்டும்?

அளவான ஹார்னஸ், நீண்ட கயிறு, மூடி இறுகும் குப்பைத்தொட்டி, உணவு எடைபோடத் தராசு, கால்நடை மருத்துவரின் எண். மேசைமேல் எதையும் விட்டுவைக்காத பழக்கத்தை வீட்டார் இப்போதே தொடங்கட்டும். நாற்காலியை நெருக்கமாகப் போட்டால் பீகிள் மேசை ஏறும். தடுப்பூசிகளை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறாவது வாரம் வரை போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி எப்போது என்று மருத்துவர் சொல்வார். மைக்ரோசிப் பொருத்தியிருந்தால் அதில் பதிவாகியிருப்பது விற்றவரின் எண்ணா உங்கள் எண்ணா என்பதை முதல் நடைக்குக் கதவைத் திறக்கும் முன்பே சரிபாருங்கள்.